பழம் நீ, மனு நாங்கள்

தமிழ்நாட்டின் முதல் மனுதாரர் யார் என்று யாராவது கேட்டால் நான் பழனி மலையைத்தான் கைகாட்டுவேன். கேட்டது ஒரே ஒரு மாம்பழம். மனுவை விசாரித்தது அப்பாவும் அம்மாவும் அடங்கிய இரு நபர் குழு. உலகத்தைச் சுற்றி வா என்று நிபந்தனை போட்டார்கள். பையன் அதை நம்பி மயிலேறிக் கள ஆய்வுக்குப் போனான். திரும்பி வருவதற்குள், உட்கார்ந்த இடத்திலேயே சுற்றியவருக்குப் பழம் ஒதுக்கப்பட்டுக் கோப்பு மூடப்பட்டுவிட்டது. கோவணத்தோடு மலையேறியவனை 'பழம் நீயப்பா' என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள். கேட்டதைக் கொடுக்காமல் பட்டத்தைக் கொடுத்து அனுப்பும் அரசு மரபு அன்றைக்குத் தொடங்கியது.

அதே பையன்தான் பிரம்மனை நிறுத்தி வைத்து, பிரணவத்துக்குப் பொருள் கேட்டு, பதில் தெரியாததால் சிறையில் போட்டவன். ஆசிரியர் தகுதித் தேர்வு நடத்திய முதல் கடவுளும் அவன்தான். அப்படிப்பட்டவன் காலடியில் இருக்கிற மலைப் பள்ளிக்கூடங்களில் தகுதித் தேர்வுக்கு நிற்கவைக்கக்கூட வாத்தியார் இல்லாத நாட்கள் உண்டு. அதற்காக ஒரு மனு போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கப் போனேன். விதிப்புத்தகத்தைத் திறந்த அரை மணி நேரத்தில் எனக்கும் கோவணத்தோடு மலையேறலாம் போலிருந்தது.

நாடாளுமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில், 1924இல் பிறந்தது. மக்களவையில் 15 உறுப்பினர்கள், மாநிலங்களவையில் 10. சாமானியன் நேராக நாட்டின் உச்ச மன்றத்திடம் முறையிடலாம் என்பது ஏற்பாடு. கேட்க எவ்வளவு இனிப்பு! மக்களவை விதிகளைப் பாருங்கள். மனு மரியாதையான, கண்ணியமான, நிதானமான நடையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கூரை பிள்ளை தலையில் விழுந்தாலும் கண்ணியமாக விழுந்தது என்றுதான் எழுத வேண்டும். கடிதம், வாக்குமூலம், வேறு ஆவணம் எதையும் இணைக்கக் கூடாது. விழுந்த கூரையின் புகைப்படமும் அதில் அடங்கும்.

அடுத்தது மொழி. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்து, அதிலும் மனுதாரர் கையொப்பமிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு போதும். என் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஆளில்லை என்று முறையிடும் தாய், தனக்குப் புரியாத ஆங்கிலத்தின் அடியில் கட்டைவிரலை அழுத்த வேண்டும். இதே நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 350ஆவது பிரிவில், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. சாமி வரம் கொடுத்தாயிற்று. பூசாரிதான் மொழிபெயர்ப்பு கேட்கிறார்.

மொழியைத் தாண்டி வந்தவரை அடுத்த சல்லடை பிடிக்கும். நீதிமன்ற வரம்புக்குள் வரும் விஷயம் கூடாது. மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியது கூடாது. சட்டப்படி வேறு பரிகாரம் இருந்தாலும் கூடாது. கல்வியோ 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போன பிள்ளை. சென்னைக்கு எழுதினால் தில்லியைக் காட்டும், தில்லிக்கு எழுதினால் சென்னையைக் காட்டும். பரிகாரமும் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று அட்டவணை போட்டே சொல்லியிருக்கிறது. ஆகவே மனு செல்லாது. மருந்துச்சீட்டு கையில் இருப்பதால் நீங்கள் நோயாளி இல்லை என்பது போல.

இவ்வளவையும் தாண்டி மனு எழுதி முடித்தால், அதை எப்படி முடிப்பது என்பதற்கும் மாதிரிப் படிவம் இருக்கிறது. கடமைப்பட்ட மனுதாரர்கள் என்றென்றும் பிரார்த்தித்துக்கொண்டிருப்பார்கள் என்று முடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மத போதனை கூடுமா கூடாதா என்று முக்கால் நூற்றாண்டாக மண்டையை உடைத்துக்கொள்ளும் மதச்சார்பற்ற குடியரசு, தன் குடிமக்களுக்குக் கட்டாயமாக்கி வைத்திருக்கும் ஒரே பிரார்த்தனை இதுதான். பலன் விஷயத்திலும் மற்றப் பிரார்த்தனைகளுக்கு இது இளைத்ததில்லை.

இந்தக் கூத்து இன்றைக்கு நேற்றைக்குத் தொடங்கியதில்லை. 1845இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் காய்ச்சலுக்குப் பயந்து பழனி மலைத்தொடரின் உச்சிக்கு ஏறி, கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அவர்கள் குளிருக்குக் கணப்பு மூட்டிய மறுவருடம் சென்னையில் வேறொரு தீ பற்றியது. கவர்னர் ட்வீடேல் பிரபு, அரசாங்கப் பள்ளிகளில் பைபிளைப் பாடப் புத்தகமாக வைக்கலாம் என்று 1846இல் குறிப்பு எழுதினார். 'கிரசென்ட்' பத்திரிகை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி சும்மா இருக்கவில்லை. கூட்டம், கண்டனம், கையெழுத்து. 1852இல் சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கி, லண்டன் நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அங்கே இந்திய விவகாரங்களுக்கான தேர்வுக் குழுக்கள் உட்கார்ந்து சாட்சியம் கேட்டன. பாதிரிகள் வந்து பேசினார்கள், கம்பெனி அதிகாரிகள் வந்து பேசினார்கள். கடைசியில் 1854இல் உட் அறிக்கை வந்தது: அரசுப் பள்ளிகளில் கல்வி மதச்சார்பற்றதாக இருக்கட்டும். பைபிள் நூலகத்தில் இருக்கிறது, விரும்பும் மாணவன் எடுத்துப் படிக்கட்டும். தனியார் எந்த மதத்தைக் கற்பித்தாலும் சரி, பொதுக்கல்வி ஒழுங்காக நடந்தால் மானியம் உண்டு.

ஒருவரையும் பகைக்காமல் எல்லோருக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்ட சாமர்த்தியம்! நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு ஏறக்குறைய இதே வீட்டுக்கு வெள்ளையடித்துக் குடி வந்ததுதான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது. அறக்கட்டளை நிறுவி அரசு நிர்வகிக்கும் நிலையம் என்றால் விலக்கு. மானியம் வாங்கும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் சம்மதமில்லாமல் யாரையும் மத வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது. பிள்ளை சிறியதென்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். படித்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். விளங்கிவிட்டால் குழுவுக்கு என்ன வேலை?

ஆகவே குழுக்கள் வந்தன. 1959இல் ஸ்ரீபிரகாசா குழு, மதமும் அறமும் பள்ளியில் எப்படிப் போதிப்பது என்று ஆராய்ந்தது. அதற்கடுத்த தலைமுறைக்கு எஸ்.பி. சவாண் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு. அது 1999 பிப்ரவரியில் தன் 81ஆவது அறிக்கையாக விழுமியக் கல்வியைத் தந்தது. சத்தியம், தர்மம், சாந்தி, அன்பு, அகிம்சை என்று ஐந்து மதிப்புகள். எல்லா மதங்களின் அடிப்படைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு 2000இல் புதிய கலைத்திட்டம் வந்தது. அதை எதிர்த்து அருணா ராய் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2002 செப்டம்பர் 12 அன்று தீர்ப்பு: மத போதனைக்குத்தான் தடை, மதங்களைப் பற்றிய படிப்புக்குத் தடையில்லை.

தீர்ப்பில் தவறு சொல்ல நான் ஆளில்லை. ஆனால் கொடைக்கானல் மேல்மலையில் ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டிருக்கும் ஓராசிரியரை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ எழுதிப் போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல், ஐந்தாம் வகுப்புக்கு உலக வரைபடம், நடுவில் முட்டைக் கணக்கு, செயலியில் வருகைப் பதிவு. சிக்னல் கிடைக்கும் பாறை தேடி அவர் போன நேரத்தில், போதனைக்கும் படிப்புக்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டைப் பிள்ளைகள் தங்களுக்குள் விவாதித்துக்கொள்வார்களாக.

இந்த விவாதம் ஏன் இவ்வளவு சுவையாக இருக்கிறது? செலவே இல்லாதது என்பதால்தான். ஒரு வாத்தியாரைப் போட்டால் மாதாமாதம் சம்பளம், பிறகு ஓய்வூதியம். சாமி வேண்டும் என்றால் சம்பளம் வேண்டாம், வேண்டாம் என்றாலும் வேண்டாம். ஒரு ரூபாய் எடுத்து வைக்காமல் இரண்டு பக்கமும் கைதட்டல் வாங்கக்கூடிய ஒரே கல்விக் கொள்கை கடவுள்தான்.

2024 ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் பழனியில் அரசே அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. பகுத்தறிவுப் பாசறையில் படித்தவர்கள் பந்தல் போட்டார்கள். 21 தீர்மானங்கள். கந்தசஷ்டி விழாவில் கோயில்களில் மாணவ மாணவியரைக் கொண்டு பாராயணம் என்று அதில் ஒன்று. கூட்டணிக் கட்சிகளே இது மதச்சார்பின்மையா என்று கேட்டன. அடுத்த மூன்றாம் நாள், 28ஆம் தேதி, சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒரு சொற்பொழிவாளர் போன ஜென்மத்துப் பாவம்தான் இந்த ஜென்மத்து ஊனம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். எழுந்து எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற ஒரு தமிழாசிரியர். அந்த மண்டபத்தில் கண் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வீடியோ பரவியதும் விசாரணை, கைது, தலைமை ஆசிரியர்களுக்கு இடமாற்றம், புதிய நெறிமுறைக்கு உத்தரவு. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் நீதிபதி சந்துரு, பள்ளிகளில் சாதி ஒழிய என்ன செய்யலாம் என்று 610 பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். கையில் சாதிக்கயிறு கூடாது, நெற்றியில் திலகம் கூடாது என்ற இரண்டு வரி கண்ணில் பட்டதும், சென்னை மாநகராட்சிக் கூட்டத்திலேயே ஒரு உறுப்பினர் அறிக்கையைக் கிழித்துக் காட்டினார். 610 பக்கத்தைப் படிப்பது சிரமம், கிழிப்பது சுலபம்.

நான் சாமிக்கு எதிரி இல்லை. பழனித் தேவஸ்தானம் 2022 நவம்பரில் தன் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி போடத் தொடங்கியது. உண்டியல் காசு இட்லியாகிப் பிள்ளை வயிற்றுக்குள் போகிறதே, அதைவிடச் சிறந்த சமயக் கல்வியை எந்தக் குழு பரிந்துரைத்துவிடும்? அந்த இட்லியை எந்த மதத்துப் பிள்ளை தின்றாலும் செரிக்கும். யாரும் நீதிமன்றம் போகவில்லை. குழுவும் போடவில்லை.

பக்திக்குப் பஞ்சம் என்று நினைப்பவர்கள் வெள்ளகவிக்குப் போய்ப் பாருங்கள். கொடைக்கானல் என்ற ஊர் பிறப்பதற்கு முன்பே இருந்த மலைக் கிராமம். ஊருக்குள் எங்கு பார்த்தாலும் கோயில். அதனால் ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. வெளியாட்களும் எல்லையில் கழற்றிவிட வேண்டும். மண் முழுவதும் சாமி என்று நம்பும் அந்த மக்கள் ரோடு கேட்டே தலைமுறை தலைமுறையாக நரைத்தார்கள். அரிசி மூட்டை குதிரை முதுகில் வரும். அதே ஊராட்சியின் சின்னூர், பெரியூரில் யாருக்காவது முடியாமல் போனால் டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். வழியில் ஆறு குறுக்கிடும், ஆற்றில் தண்ணீர் வந்தால் உயிர் காத்திருக்க வேண்டும். மேலே ஏரியில் படகுச் சவாரிக்கு வரிசை நிற்கிறது. கொஞ்சம் கீழே ஒரு உயிர் கரையில் காத்து நிற்கிறது. ஒரே தாலுகா. கொடைக்கானலும் பழனியும் ஒரே சட்டமன்றத் தொகுதி. ஓட்டுப் பெட்டிக்கு மட்டும் எந்த மழையிலும் வழி கிடைத்துவிடும். பெட்டி நடந்து போன பாதையில் வாத்தியார் நடக்க முடியாதா, அவர் நடக்க ரோடு போட முடியாதா என்று கேட்டால் அது நிதானமற்ற நடை.

2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணுக்கே உரியது, வேறெங்கும் இப்படிக் கிடைக்காது என்று சான்று. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் அதைக் கேட்கலாமா என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அது இந்த மண்ணுக்கு மட்டும் உரியதில்லை, ஜவ்வாது மலையும் கல்வராயன் மலையும் போட்டிக்கு வரும்.

சரி, எல்லாச் சல்லடையையும் தாண்டி ஒரு மனு ஜெயித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழு நேரில் பார்க்கப் புறப்படுகிறது. எப்போது? ஏப்ரல், மே மாதம். வத்தலக்குண்டில் வெயில் கொளுத்தும்போதுதான் மலைக் குழந்தைகளின் கல்வி மேல் கருணை சுரக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஒரு நிறுத்தம், விருந்தினர் மாளிகையில் சுடச்சுடச் சூப்பு, தூண் பாறையில் மேகம் விலகுமா என்று ஒரு விசாரணை. பள்ளிகளுக்கு அப்போது கோடை விடுமுறை என்பது அங்கே போன பிறகுதான் தெரியவரும். பூட்டிய பள்ளியைப் பார்த்து, பிள்ளைகள் எவரும் குறை சொல்லவில்லை என்று குறிப்பெழுதிக்கொண்டு, வீட்டுச் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள்.

இது என் கற்பனை. இனி வருவது கற்பனை இல்லை. நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரைகள் மேல் அரசு என்ன செய்தது என்று நடவடிக்கை அறிக்கை வரும். அதில் நான்கு பெட்டிகள். அரசு ஏற்றவை. அரசின் பதிலைப் பார்த்துக் குழு மேற்கொண்டு வலியுறுத்த விரும்பாதவை. குழு ஏற்காத பதில்கள். இறுதிப் பதில் வராதவை. இரண்டாவது பெட்டியின் பெயரைத் திரும்பப் படியுங்கள். அடித்தவன் காரணம் சொன்னான், அழுதவன் வாயை மூடிக்கொண்டான் என்பதை இவ்வளவு பதமாகத் தமிழிலோ ஆங்கிலத்திலோ வேறு யாரும் எழுதியதில்லை.

நல்லது சொன்ன குழுவின் கதியையும் பாருங்கள். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியைத் தில்லி நிறுத்தி வைத்தது. இரண்டும் வேறு வேறு திட்டம், இப்படி நிறுத்துவது நியாயமில்லை, கொடுத்துவிடுங்கள் என்று 2025 மார்ச்சில் திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. நாடாளுமன்றமே சொன்னது! மறுநாள் பணம் வந்துவிட்டதா? மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படியேறி வழக்குப் போட்டது. குழுவின் சொல் பரிந்துரைதான், ஆணை இல்லை. 2,152 கோடியை வாங்கித் தர முடியாத வாய்க்கு முன்னால்தான் மேல்மலைத் தாய் கைநாட்டு வைத்து என்றென்றும் பிரார்த்திக்க வேண்டும்.

அப்படி ஒரு தாயை நான் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள், ஒரு அலுவலகத்து வாசல் வேப்பமரத்தடி. மனு எழுதித் தருபவர் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எந்தத் துறைன்னு சொல்லும்மா."

"துறையெல்லாம் தெரியாதுங்கண்ணே. பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வரணும்."

"வரலையா, இல்ல, வந்துட்டுப் போயிட்டாரா?"

"மழை பேஞ்சா வரமாட்டாரு. மேல எப்பவும் மழைதானே."

அவர் 'பெறுநர்' என்று எழுதிக் கோடு போட்டார். முதல் நாள் இரவே மலையிலிருந்து கிளம்பி, பஸ் மாறி மாறி வந்த களைப்பில் அந்தம்மாள் மரத்தில் சாய்ந்தபடி டீக்கடைத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நால்வர் கத்திக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் மதம் பற்றித்தான்.

"சாமி பாடம் வைக்கலாமா வேண்டாமான்னு சண்டை போடுறாங்கம்மா," என்றேன். "உங்களுக்கு எது சம்மதம்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதையாச்சும் சொல்லிக் குடுக்கட்டும் சாமி. மொதல்ல ஆளு வரட்டும்."

மனுவை மடித்து வாங்கிக்கொண்டு படியேறினார். வாசலில் நின்றார். உள்ளே போகிறவர்கள் எல்லாம் செருப்புக் காலோடு போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கழற்றிச் சுவரோரமாக ஒழுங்காக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். ஏதோ சாமி இருக்கிற இடம் என்று நினைத்துவிட்டார் போல.

ஒரு மணி நேரம் கழித்து, முத்திரை குத்திய ரசீது ஒன்றோடு வெளியே வந்தார். செருப்பைக் காணோம்.

வேப்பமரத்தடியில் இருந்தவர் பேனா மூடியைத் திறந்தார். "அதுக்கும் ஒரு மனு போட்டுருவமா?"